வாசகர் கேள்வி – பதில்: நல்லது நினைச்சா நல்லது நடந்துடுமா?

போன இதழ்ல யூத மரபைப் பத்தி எழுதறப்போ, "நல்ல எண்ணத்தை கடவுள் செயலோட சேர்த்துக் கணக்குல வச்சுக்கறார்"னு தல்மூத்ல (பழைய யூத அறிஞர்களோட விவாதங்களும் சட்டங்களும் சேர்ந்த பெரிய தொகுப்பு) வர்ற ஒரு வரியை போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விங்கதான் இந்தத் தடவை முழுக்க. பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால யார் பேரும் போடல.

கேள்வி: "நல்லதையே நினை, நல்லதே நடக்கும்"னு எல்லா மதத்துலயும்தான் சொல்றாங்க. யூதர்கள் சொல்றதும் அதேதானா?

வெளில இருந்து பார்த்தா அதே மாதிரிதான் தெரியும், ஆனா அங்க வேற வேற பேச்சு ஒண்ணா கலந்து கிடக்கு. நீங்க சொல்ற மாதிரியே அச்சு அசலா ஒரு வாசகம் யூதங்க பேசற யித்திஷ் மொழில இருக்கு, சபாத்ங்கற ஹசிதிய பக்தி மரபோட மூணாவது தலைவர் மெனஹெம் மெண்டல் (1789–1866) சொன்னதா சொல்லுவாங்க. பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியலன்னு ஓடி வந்த ஒருத்தர்கிட்ட, "நல்லதா நினை, நல்லதா ஆகும்"னு சொன்னாராம். இது நம்பிக்கையைப் பத்தின பேச்சு, நோக்கத்தைப் பத்தினது இல்ல. இதோட வேரைத் தேடினா 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயின்ல இருந்த பஹ்யா இப்ன் பகூதா வரைக்கும் போகும், அவர் "இதயத்தின் கடமைகள்"ங்கற நூல்ல கடவுள்மேல பாரத்தைப் போடறதுக்குன்னே தனியா ஒரு பகுதி ஒதுக்கியிருக்கார்.

நோக்கத்தைப் பத்தின பேச்சு அதைவிட ரொம்பப் பழசு. பைபிள்ல வர்ற பிலேயாம்ங்கற தீர்க்கதரிசி கதை தெரியும்ல, இஸ்ரவேலரை சபிக்கறதுக்காக ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிடறப்போ கடவுள் முதல்ல "போகாதே"ங்கறார், அப்புறம் அவன் மனசு அங்கயே நிக்கறதைப் பார்த்து "சரி, எழுந்து போ"ங்கறார். இதை வச்சு தல்மூத் ஒரு விதியே போடுது: மனுஷன் எந்த வழில போக ஆசைப்படறானோ அந்த வழிலயே அவனைக் கூட்டிட்டுப் போவாங்க. இன்னொரு இடத்துல இதையே கொஞ்சம் நுணுக்கமா சொல்றாங்க, அழுக்காக வர்றவனுக்கு கதவைத் திறந்து விடுவாங்க, அவ்வளவுதான். சுத்தமாக வர்றவனுக்கு கூட நின்னு உதவி பண்ணுவாங்க. கெட்டதுக்கு வெறும் அனுமதி, நல்லதுக்கு கை கொடுக்கறது. எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம்தான் நான் சொன்ன அந்த வரி. அது கித்துஷீன்ங்கற பகுதில வருது, ரவ் அசிங்கற அறிஞர் அதுக்கு விளக்கம் சொல்றார்: ஒருத்தன் ஒரு நல்ல காரியம் செய்யணும்னு நினைச்சு, அவன் கைல இல்லாத காரணத்தால தடைபட்டு செய்ய முடியாமப் போச்சுன்னா, செஞ்ச மாதிரியே கணக்கு. கெட்ட எண்ணத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது, நினைச்சதோட நின்னுட்டா செஞ்ச கணக்குல எழுத மாட்டாங்க. ரொம்ப தாராளமான கணக்கு இது. ஆனா "தடைபட்டு"ங்கற இடத்தை விட்டுடாதீங்க. சோம்பல்ல படுத்துக்கிட்டு "நினைச்சேன், நினைச்சேன்"னு சொல்றவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. நல்ல எண்ணம் இருந்தா உலகத்துல நல்ல விளைவு தானா வந்து விழும்னும் இவங்க யாரும் உத்தரவாதம் கொடுக்கல, அதுக்கு கீழ வர்றேன்.

கேள்வி: நான் நன்கொடை கொடுக்கறேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா பலகைல பேர் வர்றதுக்கும், நாலு பேர் பாராட்டறதுக்கும்தான் கொடுக்கறேன். சில சமயம் வீட்ல ஏதாவது கஷ்டம்னா அது தீரட்டும்னு வேண்டிக்கிட்டு கொடுப்பேன். இது போலித்தனம்னு தோணுது. மனசு சுத்தமாகற வரைக்கும் நிறுத்திடலாமா?

நிறுத்திடாதீங்க. நீங்க நிறுத்தினா உங்க மனசு சுத்தமாகுமோ என்னவோ, வாங்கறவனுக்கு அன்னிக்கு சாப்பாடு இருக்காது.

உங்க கேள்விக்கு தல்மூத்ல கிட்டத்தட்ட நேரடியாவே பதில் இருக்கு. "இந்தக் காசு தர்மத்துக்கு, என் பிள்ளை பிழைக்கணும்"னு சொல்லி ஒருத்தன் கொடுக்கறான். அவனை என்னன்னு சொல்றது? வியாபாரி, பேரம் பேசறவன்னு நாம சொல்லுவோம். தல்மூத் அவனை "முழு நீதிமான்"ங்குது. பாதி இல்ல, முழு. ஏன் அப்படின்னு பின்னாடி வந்தவங்க நிறைய பேசியிருக்காங்க, பிள்ளை பிழைக்கலன்னாலும் கொடுத்ததுக்கு அவன் வருத்தப்பட மாட்டான், அதனாலன்னு ஒரு விளக்கம் உண்டு.

இதைவிட முக்கியமானது ரவ் யெஹூதா தன்னோட குரு, ரவ்ங்கறவர் பேர்ல சொன்னது: யூத வேதமான தோராவைப் படிக்கறதையும் கட்டளைகளை நிறைவேத்தறதையும் தவறான நோக்கத்தோடயாவது எப்பவும் செஞ்சுக்கிட்டே இரு, ஏன்னா வேற எதுக்காகவோ செய்யறதுல இருந்துதான் அதுக்காகவே செய்யறது வந்து சேரும். பாருங்க, நல்ல எண்ணம் நல்ல செயலைக் கொண்டு வரும்னு நாம நினைக்கறோம், இவங்க அதைத் திருப்பிப் போடறாங்க, நல்ல செயல் பின்னாடியே நல்ல எண்ணத்தை இழுத்துட்டு வரும்ங்கறாங்க. 13ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல எழுதப்பட்ட "சேஃபெர் ஹஹினூக்"ங்கற நூல்ல இதுக்கு ஒரு ஃபார்முலாவே இருக்கு, செயல் போற வழிலதான் இதயம் போகும்னு. மோசமான மனசுள்ளவனா இருந்தாலும் தினமும் நல்லது செய்யறதுல ஈடுபட்டான்னா, அது கடவுளுக்காக இல்லைன்னாலும் கொஞ்ச நாள்ல அவன் நல்ல பக்கம் திரும்பிடுவான்னு அந்த ஆசிரியர் எழுதறார்.

மைமோனிடஸ் இதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டு வர்றார். 12ஆம் நூற்றாண்டு, கோர்டோபால பிறந்து எகிப்துல போய் வைத்தியரா இருந்தவர், அதனால அவர் பேச்சுல எப்பவும் ஒரு டாக்டர் வாசனை இருக்கும். ஒருத்தர்கிட்ட 1000 தினார் இருக்கு, அதை மொத்தமா தகுதியான ஒரே ஆளுக்குக் கொடுத்துடலாம், இல்லைன்னா ஆயிரம் தடவை ஆயிரம் பேருக்கு ஒவ்வொரு தினாரா கொடுக்கலாம். எது கொடுக்கற குணத்தை வளர்க்கும்னு கேட்டு, ரெண்டாவதுதான்ங்கறார், ஏன்னா மொத்தமா கொடுத்தா மனசு ஒரே ஒரு தடவை பெருசா எழும்பிட்டு அடங்கிடும், ஆயிரம் தடவை கை நீண்டா கொடுக்கறது பழக்கமாவே ஆயிடும். வாங்கற ஒருத்தனுக்கு மொத்தப் பணம் கிடைச்சிருந்தா அவன் வாழ்க்கையே மாறியிருக்குமேன்னு எனக்கு ஒரு சண்டை இதுல உண்டு, ஆனா அவர் அந்த இடத்துல பேசறது கொடுக்கறவனோட மனசைப் பத்தி மட்டும்தான்.

ஏன்னா வாங்கறவனைப் பத்தியும் அவரே வேற இடத்துல பேசிட்டார். தர்மத்துக்கு எட்டு படி வச்சிருக்கார். கடைசிப் படி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கொடுக்கறது. அதுக்கு மேல, கொடுக்க வேண்டியதைவிடக் குறைவா ஆனா சிரிச்ச முகத்தோட கொடுக்கறது, அப்புறம் கேட்ட பிறகு கொடுக்கறது, கேக்கறதுக்கு முன்னாடியே கொடுக்கறதுன்னு ஏறிட்டே போகும். கொடுத்தவன் யார்னு வாங்கினவனுக்கும், வாங்கினவன் யார்னு கொடுத்தவனுக்கும் தெரியாம நடக்கறதுகூட ரெண்டாவது இடம்தான். முதல் இடம் என்னன்னா, கடனோ கூட்டு வியாபாரமோ வேலையோ கொடுத்து அவன் இனிமே யார்கிட்டயும் கை நீட்டாதபடி தூக்கி நிறுத்தறது. முதல் படிக்கு நோக்கம் எவ்வளவு சுத்தம்னு அவர் கேக்கவே இல்ல, விளைவைத்தான் பார்க்கறார். உங்க பலகை விஷயம் நடுப்படிங்கள்ல எங்கயோ நிக்கும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கொடுக்கறதுக்கே ஒரு படி ஒதுக்கியிருக்கும்போது நீங்க ஏன் ஏணியை விட்டே இறங்கறீங்க?

ஒரே ஒரு எச்சரிக்கை இருக்கு. தல்மூத்லயே இன்னொரு இடத்துல "வேற நோக்கத்தோட செய்யறவன் பிறக்காமலே இருந்திருக்கலாம்"னு ஒரு கடுமையான வரி வருது. ரெண்டும் முட்டுதேன்னு இடைக்கால பிரான்ஸ் உரையாசிரியர்கள் உக்காந்து யோசிச்சு, புகழுக்காக செய்யறவன் வேற, மத்தவனை மட்டம் தட்டறதுக்காக செய்யறவன் வேறன்னு பிரிச்சாங்க. புகழ் ஆசைல ஆரம்பிச்சா ஒரு நாள் தேறிடலாம். அடுத்தவனைக் கீழ தள்ளத்தான் கொடுக்கறேன்னா அங்க இருந்து வழி இல்ல.

கேள்வி: நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். கடைசில எல்லாருக்கும் கெடுதலா முடிஞ்சுது. என் மேல என்ன தப்பு? கடவுள் ஏன் பார்த்துக்கிட்டு இருந்தார்?

என்ன நடந்துச்சுன்னு நீங்க எழுதல, அதனால உங்க மேல தப்பு இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. ஆனா இந்தக் கேள்வியால மதத்தையே விட்டுட்டுப் போனவர் ஒருத்தர் இருக்கார், எலிஷா பென் அவூயா, பெரிய அறிஞர்.

ஒரு அப்பா தன் பையன்கிட்ட, மேல ஏறி அந்தக் குஞ்சுங்களை எடுத்துட்டு வாடாங்கறார். பையன் ஏறறான், தோரால சொன்ன மாதிரி தாய்ப் பறவையைத் துரத்தி விட்டுட்டு குஞ்சுங்களை எடுக்கறான், இறங்கும்போது விழுந்து செத்துப் போறான். இதுல கொடுமை என்னன்னா மொத்தத் தோராலயும் "உன் நாட்கள் நீடிக்கும்"னு வெளிப்படையா வாக்கு கொடுத்திருக்கற கட்டளைங்கள்ல ரெண்டு, பெத்தவங்க சொல்லைக் கேக்கறதும் தாய்ப் பறவையை விட்டுடறதும். அந்தப் பையன் ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சிருக்கான். எலிஷா பென் அவூயா வழி மாறினதே இந்த மாதிரி ஒண்ணைக் கண்ணால பார்த்ததாலதான்னு தல்மூத்லயே ஒரு தகவல் இருக்கு. அவரோட மக வயித்துப் பேரன் ரபி (யூத மத குரு) யாகோவ்தான் இதுக்கு விளக்கம் சொல்றவர்: நீடிச்ச நாள்னு சொன்னது இந்த உலகத்து நாள் இல்ல, வரப்போற உலகத்தோடது. தாத்தா மட்டும் பேரன் மாதிரி புரிஞ்சுக்கிட்டிருந்தா வழி மாறியிருக்க மாட்டார்னு ஒரு வருத்தம் வேற.

ஆனா தல்மூத் அங்க நிக்கல, நோண்டிக்கிட்டே போகுது. பையன் மனசுல வேற ஏதாவது தப்பான எண்ணம் இருந்திருக்குமோ? கெட்ட எண்ணத்தை செயலோட சேர்க்கறது இல்லையே. நல்ல காரியத்துக்காகப் போறவங்களுக்கு ஆபத்து வராதுன்னு ஒரு சொல் இருக்கே? கடைசியா வர்ற பதில் இது: அது ஆடிக்கிட்டிருந்த ஏணி. ஆபத்து கண்ணு முன்னாடி நிக்கற இடத்துல அற்புதத்தை நம்பக் கூடாது.

இவ்வளவு பெரிய தத்துவக் கேள்விக்கு ஏணி சரியில்லன்னு பதில் சொல்றாங்களேன்னு சிலருக்குச் சப்புன்னு இருக்கும். எனக்கு இந்த மரபுல ரொம்ப நேர்மையான இடமே இதுதான். உன் எண்ணம் தங்கமா இருக்கலாம், அதை கடவுள் எழுதி வச்சுக்கலாம், ஆனா மரக்கட்டைக்கு அதெல்லாம் தெரியாது. நல்ல எண்ணம் வச்சிருக்கறவன் ஏறறதுக்கு முன்னாடி ஏணியை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கணும், அதுவும் அந்த நல்ல எண்ணத்தோட வேலைதான்.

ஏணியைப் பார்க்காதவங்க பெரிய பெரிய ஆளுங்கள்லயும் இருந்திருக்காங்க. பார் கம்ட்ஸா கதையைக் கேளுங்க. எருசலேம்ல ஒருத்தர் விருந்து வைக்கறார், வேலைக்காரன் ஆள் மாறி விரோதியான பார் கம்ட்ஸாவைக் கூப்பிட்டுட்டான். வீட்டுக்காரர் எழுந்து வெளில போங்கறார். அவர் கெஞ்சறார், நான் சாப்பிடறதுக்கு காசு கொடுக்கறேன், பாதி விருந்துக்கு கொடுக்கறேன், முழு விருந்துக்கும் கொடுக்கறேன், அசிங்கப்படுத்தாதன்னு. கையைப் பிடிச்சு இழுத்து வெளில விட்டுட்டார். அங்க உக்காந்திருந்த அறிஞர்கள் வாயே திறக்கல. பார் கம்ட்ஸா நேரா ரோமப் பேரரசன்கிட்ட போய், யூதங்க கலகம் பண்றாங்க, வேணும்னா ஒரு பலி அனுப்பிப் பாருங்க, ஏத்துக்கறாங்களான்னு தெரியும்ங்கறார். அனுப்பின கன்னுக்குட்டிக்கு வழிலயே சின்னதா ஒரு பழுது பண்ணிடறார், ரோமர் கண்ணுக்கு அது பழுதே இல்ல, யூத விதிப்படி பலிக்கு ஆகாது.

இப்போ எருசலேம் ஆலயத்துல இருக்கறவங்க, அரசாங்கத்தோட சமாதானத்துக்காக இதைப் பலி கொடுத்துடலாம்ங்கறாங்க. ரபி ஸெகரியா பென் அவ்குலாஸ் தடுக்கறார், பழுதுள்ளதைப் பலி கொடுக்கலாம்னு ஜனங்க நினைச்சுடுவாங்களே. சரி, இவன் போய்ச் சொல்லாம இருக்க ஆளையே தீர்த்துடலாமான்னா, பலி மிருகத்துல பழுது பண்ணினா மரண தண்டனைன்னு நினைச்சுடுவாங்களேங்கறார். ரெண்டுமே நல்ல எண்ணம்தான், ஒண்ணுலயும் சுயநலம் கிடையாது. முடிவு என்னாச்சு? கி.பி. 70ல ஆலயம் எரிஞ்சுது. ரபி யோஹனான் இதுக்குத் தீர்ப்பு சொல்றப்போ ரோமனைத் திட்டல, பார் கம்ட்ஸாவையும் திட்டல, ரபி ஸெகரியாவோட அந்த அடக்கம், முடிவெடுக்கத் தயங்கின பணிவுதான் நம்ம வீட்டை அழிச்சு, ஆலயத்தை எரிச்சு, நம்மளை நாட்டை விட்டு விரட்டிச்சுங்கறார். நல்ல எண்ணத்துக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் வேற எங்கயும் பார்த்தது இல்ல.

உங்க விஷயத்துல ஏணி ஆடினது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்கறதுதான் கேள்வி. தெரியாதுன்னா உங்களை நீங்களே தின்னுக்காதீங்க.

கேள்வி: நல்ல நோக்கத்துக்காகத் தப்பு செய்யலாமா? திருடி தர்மம் பண்ற மாதிரி?

முடியாது. திருடின பேரீச்ச ஓலையை வச்சு கூடாரப் பண்டிகைச் சடங்கு செய்ய முடியாதுன்னு சட்டமே இருக்கு. திருடின கோதுமையை அரைச்சு, ரொட்டி சுட்டு, அதுமேல ஆசீர்வாதம் சொல்றவன் ஆசீர்வதிக்கல, கடவுளைத் திட்டறான்னு ஒரு ரபி சொல்லியிருக்கார். இந்தப் பேச்சுல ஒரு அழகான குட்டிக் கதையும் வருது, ஒரு ராஜா சுங்கச்சாவடி வழியாப் போறார், ஆளுங்ககிட்ட வரியைக் கட்டுங்கங்கறார். எல்லா வரியும் உங்களுக்குத்தானே வருதுன்னா, என்னைப் பார்த்து வழிப்போக்கங்க யாரும் வரி ஏய்க்காம கத்துக்கட்டும்ங்கறார்.

விதிவிலக்கு கிட்டத்தட்ட ஒண்ணே ஒண்ணு, எதிரிப் படைத் தளபதி சிசெராவைக் கொன்ன யாகேல்ங்கற பொண்ணு. "நல்ல நோக்கத்தோட செஞ்ச தப்பு, வேற நோக்கத்தோட செஞ்ச கட்டளையைவிடப் பெருசு"ன்னு அவளை வச்சுத்தான் சொல்றாங்க, சொன்ன கையோட பயந்து போய் "பெருசு இல்ல, அதுக்குச் சமம்"னு திருத்திக்கறாங்க. பின்னாடி வந்தவங்க இதை யாரும் முன்மாதிரியா எடுத்துக்கிட்டு கிளம்பிடக் கூடாதுன்னு இழுத்துப் பிடிச்சே வச்சிருக்காங்க.

கேள்வி: சட்டம் படிக்கற மாணவி நான். யூதச் சட்டம் எண்ணத்தைப் பார்க்குமா, செயலைப் பார்க்குமா?

ரெண்டையும் பார்த்து சண்டை போடும்! ஓய்வு நாளான சப்பாத் அன்னிக்கு மீன் பிடிக்கறது தடை, உயிரைக் காப்பாத்தறதுக்கு எதை வேணா மீறலாம். ஒருத்தன் கடல்ல குழந்தை விழுந்தது தெரியாமலே மீனுக்கு வலை போடறான், வலைல மீனும் வருது, முழுகிக்கிட்டிருந்த குழந்தையும் வருது. இவன் குற்றவாளியா? செயலைப் பாரு, உயிர் பிழைச்சுதுன்னு ஒருத்தர், எண்ணத்தைப் பாரு, இவன் மீனுக்குத்தான் போட்டான்னு இன்னொருத்தர்.

பன்றிக்கறின்னு நினைச்சு எடுத்து, அது ஆட்டுக்கறியா இருந்துட்டாகூட அவனுக்கு மன்னிப்பு தேவைன்னு ஒரு நிலைப்பாடு உண்டு. இந்த இடம் வர்றப்போ ரபி அகிவா அழுவாராம், ஆட்டுக்கறி சாப்பிட்டவனுக்கே மன்னிப்பு வேணும்னா நிஜமாவே பன்றிக்கறி சாப்பிட்டவன் கதி என்னன்னு. எண்ணாகமம் 35ல வர்ற அடைக்கலப் பட்டணங்களையும் எடுத்துப் படிங்க, தெரியாம கொன்னவனுக்கு தண்டனை இல்லாமலும் இல்ல, கொலைகாரனுக்குச் சமமாவும் இல்லாம ஒரு நடு வழி.

கேள்வி: பிரார்த்தனை பண்ணும்போது மனசு எங்கெங்கயோ ஓடுது. அப்படிப் பண்ற பிரார்த்தனைக்கு அர்த்தம் உண்டா?

மைமோனிடஸைக் கேட்டா, மனசு இல்லாத பிரார்த்தனை பிரார்த்தனையே இல்லம்பார். தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கற தொகுப்புல ஷோஃபார்ங்கற கொம்பை ஊதறதைப் பத்தி சொல்லும்போதும் அப்படித்தான், ஜெப ஆலயத்துக்குப் பின்னாடி போறவன் காதுல கொம்பு சத்தம் விழுது, கடமையை நிறைவேத்தணும்னு மனசை வச்சுக் கேட்டா கணக்கு, சும்மா காதுல விழுந்தா கணக்கு இல்ல. அதே நேரம் பாரசீகர்கள் பிடிச்சு வலுக்கட்டாயமா புளிப்பில்லாத அப்பத்தை வாய்ல திணிச்சாலும் பஸ்கா பண்டிகைல அதைச் சாப்பிடற கடமை முடிஞ்சுதுன்னும் தல்மூத்ல இருக்கு. 16ஆம் நூற்றாண்டு சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக், எண்ணம் வேணும்ங்கற பக்கமே தீர்ப்பு சொல்லிடுச்சு.

ஆனா நீங்க ஆறுதல் தேடறீங்கன்னா தல்மூத்லயே இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத் பக்கம் போங்க. ஒரு ரபி, வாழ்க்கைல ஒரே ஒரு தடவை மனசை நிறுத்திப் பார்க்கலாம்னு முயற்சி பண்ணினேன், அப்பவும் ராஜாகிட்ட முதல்ல போறது எந்த அதிகாரின்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்ங்கறார். ஷ்முவேல்ங்கற இன்னொரு அறிஞர் பறவைக் குஞ்சுங்களை எண்ணிக்கிட்டிருந்தாராம். இன்னொருத்தர் கட்டடத்துல செங்கல் வரிசையை எண்ணியிருக்கார். ரபி மத்தன்யா சொன்னதுதான் உச்சம்: என் தலைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கேன், நன்றி சொல்ற பகுதி வந்ததும் அது தானாவே குனிஞ்சுக்குது. இவ்வளவு பெரிய மனுஷங்க இப்படி ஒத்துக்கிட்டதை ஒளிக்காம எழுதி வச்சிருக்காங்க பாருங்க.

கேள்வி: தெரியாம நடந்த நல்லது நம்ம கணக்குல வருமா?

வரும். அறுப்புல ஒரு அரிக்கட்டை வயல்லயே மறந்துட்டா திரும்பிப் போய் எடுக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும்னு உபாகமம் சொல்லுது, கூடவே ஆசீர்வாதமும் உண்டு. மறந்ததுக்கே ஆசீர்வாதம்னா, கைல இருந்து விழுந்த காசை ஒரு ஏழை எடுத்துப் பிழைச்சாலும் தொலைச்சவனுக்குப் புண்ணியம்தான்னு அங்க இருந்து அடுத்த படிக்குப் போயிட்டாங்க. மிஷ்னாவோட துணைத் தொகுப்பான தோசெஃப்தால ஒரு பக்தர் வர்றார், வயல்ல அரிக்கட்டை மறந்துட்டோம்னு தெரிஞ்சதும் சந்தோஷம் தாங்காம, பலி கொடுக்க காளை கொண்டு போடாங்கறார் பையன்கிட்ட. எதுக்குப்பா இவ்வளவு சந்தோஷம்னா, மத்த கட்டளையெல்லாம் தெரிஞ்சு செய்யறது, இது ஒண்ணுதான் தெரியாம செய்யறதுங்கறார். திட்டம் போட்டு மறக்க முடியாதே, பாவம், எவ்வளவு நாள் காத்திருந்தாரோ.

கேள்வி: என் எண்ணம் நல்லதுதான், ஆனா அடுத்தவங்க எண்ணத்தைத்தான் நம்ப முடியல. சம்பளம் தரலன்னா ஏமாத்தறான்னுதானே தோணும்?

சம்பளம்னு சொல்லிட்டீங்க, அதே கதைதான் தல்மூத்ல இருக்கு. மேல் கலிலேயால இருந்து ஒருத்தர் தெற்கே போய் ஒரு வீட்டுக்காரர்கிட்ட மூணு வருஷம் வேலை பார்க்கறார். பாவநிவாரண நாளுக்கு முந்தின நாள், கூலியைக் கொடுங்க, பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு சோறு போடணும்ங்கறார். காசு இல்லங்கறார் முதலாளி. அப்போ விளைச்சலா கொடுங்க. இல்ல. நிலமா? இல்ல. ஆடு மாடு? இல்ல. தலகாணி போர்வையாவது? அதுவும் இல்ல. மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாடின முகத்தோட ஊருக்குப் போயிட்டார்.

பண்டிகை முடிஞ்சதும் முதலாளி கூலியோட, மூணு கழுதைல சாப்பாடு, குடிக்கறதுக்கு, தின்பண்டம்னு ஏத்திக்கிட்டு கலிலேயாவுக்கே வந்துட்டார். சாப்பிட்டு முடிச்சு கூலியைக் கொடுத்துட்டுக் கேக்கறார், காசு இல்லன்னேனே, என்ன நினைச்ச? மலிவா சரக்கு வந்திருக்கும், வாங்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். ஆடு மாடு இல்லன்னப்போ? வேற யாருக்காவது வாடகைக்கு விட்டிருப்பீங்க. நிலம்? குத்தகைக்கு. விளைச்சல்? தசமபாகம் (பத்துல ஒரு பங்கு) இன்னும் பிரிச்சிருக்க மாட்டீங்க. போர்வை? சொத்து மொத்தத்தையும் கடவுளுக்கு நேர்ந்து விட்டிருப்பீங்க. முதலாளி சத்தியம் பண்றார், அப்படியேதான் நடந்துச்சு, என் மகன் தோரா படிக்க மாட்டேங்கறான்னு சொத்து முழுக்க நேர்ந்து விட்டுட்டேன், அப்புறம் தெற்குல இருக்கற சகாக்கள்தான் அந்த நேர்ச்சைல இருந்து விடுவிச்சாங்க. நீ என்னை நல்லவிதமா எடைபோட்ட மாதிரி கடவுள் உன்னை எடைபோடட்டும்ங்கறார்.

அந்தத் தொழிலாளி மனசு யாருக்கு வரும்னு எனக்கும் தெரியல, ஆனா ஒண்ணு கவனிங்க, அவர் கூலியைக் கேக்காம இருக்கல. ஒவ்வொண்ணா, போர்வை வரைக்கும் கேட்டுட்டுத்தான் போனார். தோராலயும் கூலியை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. நல்லவிதமா நினைங்க, சம்பளத்தையும் கேளுங்க.

கேள்வி: நண்பருக்கு வேலை வாங்கித் தர்றேன்னு ஆரம்பிச்சேன், ரெண்டு மூணு பேர்கிட்ட பேசினேன், அப்புறம் என் வேலைல மூழ்கிட்டேன். அந்தப் பாதிக்காவது மதிப்பு இருக்கா?

இருக்கு. யோசேப்பை அண்ணன்மாருங்க கொல்லப் பார்த்தப்போ, ரூபன்தான் "கொல்ல வேணாம், இந்தக் குழில போடுங்க"ன்னான், அப்புறமா வந்து தூக்கி அப்பாகிட்ட சேர்க்கலாம்னு மனசுல திட்டம். திரும்பி வர்றதுக்குள்ள வித்துட்டாங்க. ஆனாலும் ரூபன் அவனைத் தப்புவிச்சான்னுதான் ஆதியாகமம் எழுதுது. அதே நேரம் வேதக் கதைங்களுக்கு விளக்கம் சொல்ற மிட்ராஷ் ஒண்ணு சொல்லுது, இப்படி எழுதப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா ரூபன் அவனைத் தோள்ல தூக்கிட்டே அப்பாகிட்ட போயிருப்பான்னு.

இன்னொரு கணக்கும் இருக்கு, அது உங்களுக்குப் பிடிக்காது. யோசேப்போட எலும்புகளை எகிப்துல இருந்து எடுத்துட்டு வந்தது மோசே, ஆனா யோசுவா புத்தகத்துல அது இஸ்ரவேல் ஜனங்க பேர்ல இருக்கு, ஏன்னா அடக்கம் பண்ணி முடிச்சது அவங்க. ஆரம்பிச்சவன் பேர்ல இல்ல, முடிச்சவன் பேர்லதான் காரியம் எழுதப்படும்ங்கறது தல்மூத். பேர் போறதைப் பத்தி உங்களுக்குக் கவலை இல்லன்னே வச்சுக்கலாம். மைமோனிடஸோட எட்டு படில முதல் படி எதுன்னு மேல சொன்னேன்ல, வேலை வாங்கிக் கொடுக்கறதுதான் அது. நீங்க பாதில விட்டது அதை. நண்பர் இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காரான்னு முதல்ல ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க, யார் யார்கிட்ட பேசினீங்களோ அவங்களுக்கும் இந்த வாரமே போடுங்க.